சோளிங்கர் படியில் இறுக்கிய நெஞ்சு

குடியாத்தம் வாசகர் (வயது 57): அடுத்த மாதம் வைஷ்ணவ தேவி தரிசனம் முடித்து, கட்ராவிலிருந்து ஸ்ரீநகர் ரயிலில் செனாப் பாலத்தைக் கடக்கிறோம். சர்க்கரை, பி.பி. உண்டு. உயரத்திலிருந்து கீழே பார்த்தாலே படபடப்பு, உள்ளங்கை வியர்வை. பாலத்தில் மூச்சுமுட்டி மாரடைப்பு வருமா? யூடியூபில் சொன்ன படபடப்பு மாத்திரை வாங்கி வைத்துள்ளேன். கார்த்திகையில் சோளிங்கர் மலை ஏறும்போது நெஞ்சு இறுக்கியது. உட்கார்ந்ததும் விட்டது. வாயு மாத்திரை போட்டேன்.

டாக்டர் பதில்: கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, என் கவலை அதுதான். ஏறும்போது இறுக்கி, உட்கார்ந்தால் விடுவதை வாயு என்று ஒதுக்காதீர்கள். இதய ரத்தக்குழாய் சுருங்கியிருந்தால், சும்மா இருக்கும்போது போதுகிற ரத்தம் 1,305 படி ஏறும்போது போதாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பாகக்கூட வரும். படுக்கவைத்து எடுக்கும் இசிஜி சரியாக இருந்தாலும் நம்பிவிட முடியாது. இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். எக்கோ ஸ்கேனா, டிரெட்மில்லில் நடக்கவைத்து எடுக்கும் இசிஜியா, எது தேவையென்று அவர் சொல்வார். வங்காளத்திலிருந்து ரயிலேறி காட்பாடியில் இறங்கி வேலூரில் வைத்தியம் பார்க்கிறார்கள். குடியாத்தத்தில் இருக்கும் நீங்கள் தள்ளிப்போடலாமா? அதற்குள் இறுக்கம் உட்கார்ந்திருக்கும்போதே வந்தால், வியர்த்துக் கொட்டினால், உடனே 108.

பாலத்துக்கு வருகிறேன். செனாப் பாலத்தின் உயரமாகச் சொல்லும் 359 மீட்டர் என்பது ஆற்றுக்கு மேலே உள்ள உயரம். கடல்மட்டக் கணக்கில் அந்த இடம் நம் ஏலகிரியைவிடத் தாழ்வு. ஏலகிரியில் மூச்சு முட்டியதா? 1,315 மீட்டர் பாலத்தை ரயில் சில நிமிடங்களில் கடந்துவிடும். அதலபாதாளத்தைப் பார்க்கையில் கண்ணுக்குப் பிடிமானமாகப் பக்கத்தில் ஒன்றும் இல்லாததால் உடம்பு தள்ளாடுவதுபோல் இருக்கும், நெஞ்சு படபடக்கும். பயத்தில் வரும் படபடப்பு அது. ஜன்னல் சட்டத்தையோ எதிர் மலையையோ பாருங்கள், போதும்.

அந்த யூடியூப் மாத்திரையைத் தொடவேண்டாம். அந்த வகை மருந்துகளில் சில, சர்க்கரை தாழும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வீடியோவில் பேசியவருக்கு உங்கள் சர்க்கரை தெரியாது.

இந்தப் பயணத்தில் நான் அஞ்சுவது கட்ராவிலிருந்து கோயிலுக்கு ஏறும் 12, 13 கிலோமீட்டரைத்தான். பரிசோதனை முடிவு வரும்வரை அந்த ஏற்றம் வேண்டாம். குதிரையா, பல்லக்கா, ஹெலிகாப்டரா என்பதையும் முடிவு வந்தபின் டாக்டரிடமே கேளுங்கள். டிக்கெட் போட்டாயிற்றே என்று கிளம்பிவிடாதீர்கள், ஐயா.