கோடையில் குளிராத கடல்: வடகரையா, தென்கரையா?

கேள்வி: எனக்கு வயது 52. ஊர் கோத்தகிரி. நீச்சல் நன்றாகத் தெரியும். ஆனால் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் இருந்தாலே கெண்டைக்கால் நரம்பு சுண்டி இழுத்துவிடுகிறது. மே முதல் வாரம் குடும்பத்தோடு ராமேஸ்வரம் வருகிறோம். ஒன்பது வயதுப் பேரனும் வருகிறான். ராமநாதபுரம் பக்கம் வெதுவெதுப்பான தண்ணீரில் நிம்மதியாக நீந்த எந்த இடம் நல்லது, எந்த நேரத்தில் இறங்கலாம்?

பதில்: தண்ணீர் குளிருமோ என்ற கவலையை விட்டுவிடுங்கள். சித்திரை, வைகாசியில் இந்தக் கரையோரம் கடலின் மேல்மட்ட வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தொடும், சில ஆண்டுகளில் தாண்டியும் போகும். 2016-லும் 2024-லும் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் வெளிறியது இந்தச் சூட்டால்தான். போட்டிகள் நடக்கும் நீச்சல் குளத்தில் 25 முதல் 28 டிகிரி வரைதான் வைப்பார்கள். அதைவிட இதமான கடல் உங்களுக்காகக் காத்திருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது காற்றை.

ராமநாதபுரத்துக்குக் கடல் இரண்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடல், தென்கடல் என்றுதான் இங்கே பேச்சு. வாடைக்காற்று வீசும் ஐப்பசி முதல் தை வரை வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் படுத்திருக்கும். சோழகம் என்கிற தென்காற்றும் அதன் பிறகு கச்சான் என்கிற மேற்குக் காற்றும் எடுத்துவிட்டால் எல்லாம் தலைகீழ். தென்கடல் அலையடிக்கும், வடகடல் அடங்கிவிடும். நீங்கள் வருவது மே மாதம். அதனால் யோசிக்காமல் வடகரைக்குப் போங்கள்.

வடகடல் சூடாக இருப்பதற்கும் காரணம் உண்டு. பாக் நீரிணை ஒரு பெரிய தாம்பாளம் மாதிரி. பெரும்பகுதியில் பத்து மீட்டர் ஆழம்கூட இல்லை. தெற்கே ராமேஸ்வரம் தீவும் ஆதாம் பாலத்து மணல் திட்டுகளும் மறித்து நிற்பதால் ஆழ்கடலின் குளிர்ந்த நீர் உள்ளே வருவது குறைவு. வைகை, ஆற்றங்கரை என்ற பெயருள்ள ஊர்ப்பக்கம்தான் கடலில் சேர்கிறது, ஆனால் கோடையில் அது கொண்டுவரத் தண்ணீர் ஏது? வெயில் முழுதும் அந்த ஆழமில்லாத நீரிலேயே தங்கிவிடுகிறது.

நான் சொல்லும் இடம் அரியமான். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சாலையில் உச்சிப்புளி தாண்டி, சுந்தரமுடையானில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். சவுக்குத் தோப்பு நிழல் இருக்கிறது, அடியில் மணல், ஆழம் மெதுவாகக் கூடும். இடுப்பளவு தண்ணீருக்கே நல்ல தூரம் நடக்க வேண்டியிருக்கும். நெஞ்சளவு நீரில் நின்று, கரைக்கு இணையாக நீந்துங்கள். கடலை நோக்கி நீந்தாதீர்கள். உயிர்காப்பாளர் இருப்பார் என்ற நம்பிக்கையில் இறங்கவும் வேண்டாம்.

நேரம் என்றால் விடிந்ததிலிருந்து எட்டரை மணி வரை. கரைக்காற்று அப்போது தண்ணீரைவிடக் குளிர்ச்சியாக இருக்கும், கால் வைத்ததும் கடல் கதகதப்பாகத் தெரியும். உங்கள் கெண்டைக்காலுக்கு அதுதான் மருந்து. பத்து மணிக்கு மேல் காற்றும் ஏறும், வெயிலும் ஏறும். சித்திரை பிறக்கும் வாரத்தில் ராமநாதபுரத்தில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். மே முதல் வாரத்திலும் பெரிதாக விலகியிருக்காது. மதியம் முழங்காலளவு நீர் சுடும், அதில் நீந்துவதில் சுகமே இல்லை.

இனி பலரும் கவனிக்காத ஒன்று. கோடையில் வடகடல் அடங்கியிருப்பதே, தெற்கிலிருந்து வரும் காற்றை நிலம் தடுப்பதால். அதாவது காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. அலை இல்லாத அந்தத் தண்ணீரில் பேரனை டியூப்பிலோ காற்றடைத்த மிதவையிலோ விட்டால், சத்தமில்லாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும். துரத்திப் பிடிக்கப் போகிறவருக்கும் அதே ஆபத்து. இறங்கும் முன் ஒருபிடி உலர்ந்த மணலை எடுத்துத் தோளுயரத்திலிருந்து விடுங்கள், அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். நங்கூரமிட்ட வத்தை (நாட்டுப்படகு) ஏதாவது நின்றால் அதையும் பாருங்கள். நீரோட்டம் வலுவில்லாத இடத்தில் படகின் அணியம், அதாவது முன்பக்கம், காற்று வரும் திசையை நோக்கும். அணியம் கரையைப் பார்த்து நின்றால் மிதவையைக் காரிலேயே விட்டுவிடுங்கள். பேரன் அவன் இடுப்பளவு நீரில், உங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும்.

தென்கரையில் சேதுக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் எல்லாம் அழகான ஊர்கள். பிப்ரவரியிலோ மார்ச் முதல் பாதியிலோ வந்திருந்தால் அங்கேதான் அனுப்பியிருப்பேன். மே மாதம் வேண்டாம். தூரத்துப் பெருங்கடலில் கிளம்பும் கள்ளக்கடல் அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று ஏறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கடல் இழுத்துப் போனது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான். தனுஷ்கோடியையும் அரிச்சல்முனையையும் பார்க்கலாம், இறங்கக் கூடாது. மணல் சட்டென்று சரியும், இரண்டு கடலின் ஓட்டமும் அங்கே மோதும். அக்னி தீர்த்தம் அமைதியான நீர்தான், ஆனால் அது முழுக்குப் போடுகிற இடம். பக்தர்கள் விட்டுப்போன துணி காலில் சுற்றும்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதால் எவ்வளவு நேரமும் நீந்தலாம் என்று நினைத்துவிடாதீர்கள். நீந்தும் உடம்பு சூடாகிறது. கரையில் என்றால் வியர்வை ஆவியாகி அந்தச் சூடு தணியும், தண்ணீருக்குள் அதற்கு வழியில்லை. திறந்த நீர்நிலைப் போட்டிகளுக்கு உலக நீச்சல் சம்மேளனம் 31 டிகிரியை மேல்வரம்பாக வைத்திருப்பது இதனால்தான். 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில், வெப்பம் மிகுந்த கடலில் நடந்த 10 கிலோமீட்டர் போட்டியில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் இறந்தார். நன்றாகப் பயிற்சி பெற்றவருக்கே அந்தக் கதி. நீங்கள் கால் மணி நேரம் நிதானமாக நீந்தி, கரையேறி, நிழலில் உட்கார்ந்து மறுபடி இறங்குங்கள். தலைவலி, கிறுகிறுப்பு, சூடான நீரிலேயே புல்லரிப்பு, இதில் எது வந்தாலும் அன்றைக்கு அதோடு சரி.

நரம்பு இழுப்பு குளிரால் மட்டும் வருவதில்லை. உடம்பில் நீர் குறைந்தாலும் வரும். இறங்கும் முன்பும் பின்பும் உப்புப் போட்ட மோர் குடியுங்கள். நம் பக்கம் அது நுங்குக் காலம், அதையும் விடாதீர்கள். தண்ணீரில் இழுத்துக்கொண்டால் பதறாமல் மல்லாந்து மிதந்து, கால் விரல்களை உங்களை நோக்கி மடக்கி இழுத்துப் பிடியுங்கள்.

உயிரினங்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்தால் வால் முள் குத்தும். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடந்தால் அதுவே விலகிப் போகும். சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால் மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல் நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை ஒரு இடுக்கியால் எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை இருபது நிமிடம் வைத்திருங்கள். மூச்சுத் திணறினால் வேறு எதுவும் செய்யாமல் உடனே ஆஸ்பத்திரி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகுகள் போய்வரும், ஆகவே இறங்குதுறைப் பக்கம் நீந்த வேண்டாம். உப்பு கழுவ ஆளுக்கு ஒரு குடம் கணக்கில் கேனில் நல்ல தண்ணீர் கொண்டுபோய்விடுங்கள். வழியில் ஊருணி தெரிந்தால் அதில் இறங்கிக் கழுவாதீர்கள், அது அந்த ஊரின் குடிதண்ணீர்.