சப்ளையர் செய்யும் தவறுக்குப் பிராண்டு கம்பெனி ஏன் பொறுப்பேற்க வேண்டும்?

சப்ளை செயின் என்பது பருத்திக்காட்டில் தொடங்கி நூற்பாலை, சாயப்பட்டறை, தையல் யூனிட் வழியாக ஐரோப்பியக் கடையில் டி-ஷர்ட் தொங்கும் வரையிலான முழுப் பாதை. இதில் எங்கே ஆறு கெடுகிறது, எங்கே தொழிலாளி வதைபடுகிறார் என்று பிராண்டு தானே தேடிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்பதுதான் விஷயம்.

ஏன் பிராண்டு? விலையையும் டெலிவரி தேதியையும் பெரும்பாலும் முடிவு செய்வது அதுதானே. அந்த நெருக்கடி கீழே இறங்கும்போது ஓவர்டைமாகவும், சுத்திகரிக்காமல் விடும் சாயத்தண்ணீராகவும் மாறுகிறது. நொய்யல் கெட்டு, 2011-ல் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. டாக்கா அருகே ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடத்தில் நடந்தது இன்னும் கொடுமை. இடிவதற்கு முந்தைய நாளே அதில் விரிசல் தெரிந்தது. ஆனாலும் தொழிலாளர்களை உள்ளே அனுப்பினார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே தைத்தது பெரும்பாலும் மேலை நாட்டு பிராண்டுகளுக்கு.

கல்யாணச் சாப்பாட்டில் விருந்தாளிக்கு வயிறு கெட்டால், "காண்ட்ராக்டரைக் கேளுங்கள்" என்று பெண் வீட்டார் ஒதுங்க முடியுமா? அதுவும் அடிமட்ட ரேட்டுக்குப் பேரம் பேசிய பிறகு!

ஜெர்மனியில் 2023 ஜனவரி முதல் இதற்கென்றே சட்டம் நடைமுறைக்கு வந்தது: ஆபத்துகளை ஆண்டுதோறும் ஆராய வேண்டும், தொழிலாளர்கள் புகார் சொல்ல வழி இருக்க வேண்டும்.

அப்புறம், தவறு தெரிந்ததும் ஆர்டரை நிறுத்திவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சட்டமோ முதலில் சப்ளையரோடு சேர்ந்து சரிசெய்யச் சொல்கிறது, உறவை முறிப்பது கடைசி வழிதான்.