ஒரே செப்டம்பரில் மூன்று தீர்ப்புகள்

வணக்கம் மேடம்,

நான் சட்டக் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவன். சென்ற வாரம் எங்கள் வகுப்பில் ‘உச்ச நீதிமன்றத்தில் பெண் நீதிபதிகள் அதிகமாக வேண்டுமா’ என்று விவாதம் வைத்தார்கள். நான் ‘தேவையில்லை’ அணி. சபரிமலை வழக்கில் நான்கு ஆண் நீதிபதிகள் பெண்களை உள்ளே விடச் சொன்னார்கள், அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதிதான் மறுத்தார் என்றேன். நல்ல கைதட்டல். அதே வேகத்தில், பெண்களைப் பற்றி எந்த வார்த்தையை எழுதலாம், எழுதக் கூடாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் வெளியிட்ட கையேட்டையும் கிண்டலடித்தேன். “வார்த்தையை மாற்றினால் வழக்கு மாறிவிடுமா?” என்று கேட்டேன். ஜெயித்தும்விட்டோம். ஆனால் எதிரணியில் பேசிய தோழி வெளியே வந்ததும், “நீ ஒரு தீர்ப்பைச் சொன்னாய், வாதம் எங்கே?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகன், திருநெல்வேலி

அன்புள்ள தம்பி,

தோழி கெட்டிக்காரி. அந்தத் தீர்ப்பை நீங்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். 2018 செப்டம்பர் 28 அன்று சபரிமலை வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் நீதிபதி இந்து மல்ஹோத்ரா. வழிபாட்டு நம்பிக்கையில் எது அவசியம், எது இல்லை என்று நீதிமன்றம் அளந்து பார்க்கக் கூடாது என்பது அவர் நிலை. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் அலட்சியமாக எழுதிய தீர்ப்பு அல்ல.

நீங்கள் விட்டுவிட்டது அதற்கு முந்தைய நாளை. செப்டம்பர் 27 அன்று, அதே ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை ரத்து செய்தது. பிறன்மனை உறவு பற்றிய அந்தப் பிரிவைப் படித்திருப்பீர்கள். கணவன் சம்மதித்தால் குற்றமே கிடையாது. புகார் கொடுக்கும் உரிமையும் அவனுக்குத்தான். மனைவி குற்றவாளியும் இல்லை, புகார்தாரரும் இல்லை. பறிபோன பொருள் மாதிரி நடுவில் நிற்பாள். அன்று மல்ஹோத்ரா மற்ற நால்வரோடு சேர்ந்து அதைச் செல்லாது என்றார். மனைவி சட்டத்தின் கண்ணுக்கே தெரியாமல் கணவனின் நிழலில் வாழ்ந்த காலம் எப்போதோ போய்விட்டது என்று தனித் தீர்ப்பில் எழுதினார். இன்னும் மூன்று வாரம் பின்னே போங்கள். செப்டம்பர் 6, தன்பாலின ஈர்ப்புள்ளவர்களின் உறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவு வழக்கு, அதே ஐந்து பேர். வரலாறு இந்த மக்களிடமும் அவர்கள் குடும்பங்களிடமும் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்ற வரி மல்ஹோத்ராவுடையது.

ஒரே மாதத்தில் மூன்று பெரிய தீர்ப்புகள். முதல் இரண்டுக்காக ஒரு பக்கம் அவரைக் கொண்டாடினார்கள், மூன்றாவதுக்காக இன்னொரு பக்கம். ‘பெண் என்றால் இப்படித்தான் தீர்ப்பளிப்பார்’ என்று யாராவது சொல்லியிருந்தால் உங்கள் உதாரணம் அப்படிச் சொன்னவரை வீழ்த்தும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

இதோடு இன்னொன்றையும் வைத்துப் பாருங்கள். 2023 ஜனவரியில் பணமதிப்பு நீக்க வழக்கில் நான்கு பேர் அரசின் நடவடிக்கை செல்லும் என்றார்கள். மாறுபட்டவர் ஒருவர், பி.வி. நாகரத்னா. அந்த அமர்விலும் அவர்தான் ஒரே பெண். ரிசர்வ் வங்கிச் சட்டத்தை அவர் படித்த விதத்தைப் பலர் பாராட்டினார்கள், சிலர் மறுத்தார்கள். அங்கே யாரும் ‘பெண் நீதிபதியே இப்படிச் சொல்லிவிட்டாரே’ என்று மேடையேறவில்லை. சபரிமலையில் மட்டும் ஏன் ஏறுகிறோம்? அமர்வில் ஒரே ஒரு பெண் இருக்கும்போது, வழக்கு பெண்களைப் பற்றியதென்றால், அவர் நாட்டின் மொத்தப் பெண்களுக்கும் வக்காலத்துப் போட்டவர் ஆகிவிடுகிறார். நான்கு ஆண்கள் தங்களுக்குள் முரண்பட்டால் அது சட்டக் கருத்து வேறுபாடு. ஐந்து பேரில் இரண்டு மூன்று பெண்கள் இருந்து, அவர்களும் ஆளுக்கொரு பக்கம் நின்றிருந்தால் உங்கள் கைதட்டலுக்கு வழியே இருந்திருக்காது. எண்ணிக்கை வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

எண்ணிக்கையின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உச்ச நீதிமன்றம் 1950-ல் தொடங்கியது. முதல் பெண் நீதிபதி ஃபாத்திமா பீவி வந்தது 1989 அக்டோபரில். பின்னால் நம் மாநிலத்துக்கு ஆளுநராக இருந்தவர். 1992-ல் அவர் ஓய்வு பெற்றபின் இரண்டரை ஆண்டு ஒரு பெண்ணும் இல்லை. 2006-ல் ரூமா பால் ஓய்வு பெற்றதிலிருந்து 2010 வரை மறுபடி யாரும் இல்லை. 2021 ஆகஸ்ட் 31-ல் மூன்று பெண்கள் ஒரே நாளில் பதவியேற்றார்கள்; 34 இடங்களில் பெண்கள் நான்கு ஆனார்கள், அதுவே உச்சம். 2025-ல் பேலா திரிவேதி ஓய்வு பெற்றபோது நாகரத்னா ஒருவர்தான் மிஞ்சினார்.

கீழே நிலைமை வேறு. மாவட்ட நீதித்துறையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெண்கள். அங்கே தேர்வு எழுதி வருகிறார்கள். மேலே தேர்வு கிடையாது, மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியம் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். நம் ஊர் ஆர். பானுமதி 1988-ல் மாவட்ட நீதிபதியாகத் தொடங்கி உச்ச நீதிமன்றம் போய்ச் சேர 2014 ஆனது. தலைமை நீதிபதி பதவியோ பணிமூப்பு வரிசைப்படி வருவது, ஓய்வு வயது 65. தாமதமாக வருகிறவருக்கு வரிசை நகர்வதற்குள் வயது முடிந்துவிடும். வரிசைப்படி நடந்தால் நாகரத்னா 2027 செப்டம்பரில் முதல் பெண் தலைமை நீதிபதி ஆவார். பதவிக்காலம் ஒரு மாதமும் சில நாட்களும்.

அப்புறம் உங்கள் கிண்டல். வார்த்தையை மாற்றினால் வழக்கு மாறுமா?

கோவை குடும்பநல நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு ஜீவனாம்ச வழக்கு 2010-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம், தாலி கட்டிய மனைவியோடு நிற்காமல், ‘திருமணம் போன்ற உறவில்’ வாழ்ந்த பெண்ணுக்கும் பாதுகாப்பு தருகிறது. எது அப்படிப்பட்ட உறவு என்று தீர்ப்பு விளக்கப் புகுந்தது. ஓர் ஆண் பணம் கொடுத்துப் பராமரித்து, பாலுறவுக்கோ வேலைக்காரியாகவோ முக்கியமாகப் பயன்படுத்தும் பெண் இதில் வர மாட்டாள் என்று எழுதி, அவளுக்கு ஒரு பெயரும் வைத்தது. ஆங்கிலத்தில் ‘கீப்’. நம் ஊரில் திண்ணையில் சொல்கிற அதே வார்த்தைதான், சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. அப்போது கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங், தீர்ப்பு வந்த கையோடு அதே நீதிபதிகள் முன்னால் எழுந்து ஆட்சேபித்தார். ஒரு பெண் தான் ஓர் ஆணை ‘வைத்திருப்பதாக’ச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

இங்கே அந்த வார்த்தை என்ன வேலை செய்தது என்று கவனியுங்கள். அந்தப் பெண் எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தாள், வீட்டை யார் நடத்தினார்கள், ஊர் அவர்களைக் கணவன் மனைவியாகப் பார்த்ததா என்றெல்லாம் சாட்சியத்தில் தேட வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பெயரைச் சூட்டியதும் கீழ் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை சுலபம். குறுக்கு விசாரணையில் ஒட்டினால் போதும், ஜீவனாம்சம் போய்விடும். நீங்கள் கிண்டலடித்த கையேட்டின் பட்டியலில் இந்தச் சொல்லும் இருக்கிறது. பட்டியலில் சில சில்லறை விஷயங்களும் உண்டுதான். ‘ஹவுஸ்வைஃப்’ வேண்டாம், ‘ஹோம்மேக்கர்’ எழுது என்பதால் பெரிதாக எதுவும் நகரும் என்று எனக்கும் தோன்றவில்லை. ஆனால் பட்டியல் அந்த முப்பது பக்கத்தில் ஒரு பகுதிதான். ஒரே மாதிரியான முன்முடிவு எப்படி நீதிபதியின் காரணங்களுக்குள் நுழைகிறது என்பதற்குத்தான் அதில் அதிக இடம்.

அதற்கு உதாரணம் 497-வது பிரிவுதான். 1985-ல் அது செல்லும் என்று ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான அமர்வு சொன்னது. மயக்கி இழுப்பவன் ஆண்தான், பெண் அல்ல என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட விஷயம் என்று அதில் எழுதியிருக்கிறது. கெட்ட வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. பெண்ணுக்கு மரியாதை தருவது மாதிரியே தோன்றும். ஆனால் ‘எல்லோரும்’ என்றால் யார்? அன்று உச்ச நீதிமன்றத்தில் ஒரு பெண் நீதிபதிகூட இல்லை. 2018-ல் அதை மாற்றி எழுதிய ஐவரில் ஒய்.வி. சந்திரசூட்டின் மகனும் ஒருவர் என்பது இந்திய நீதித்துறையின் சுவாரசியங்களில் ஒன்று.

அந்தக் கையேட்டைத் தயாரித்த குழுவில் நம் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த பிரபா ஸ்ரீதேவனும் இருந்தார். அவர் 2009-ல் எழுதிய ஒரு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பை உங்களுக்குச் சொல்ல வேண்டும். தாயைப் பறிகொடுத்த ஒரு சிறுமியின் வழக்கு, காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்திருந்தது. அன்றைய மோட்டார் வாகனச் சட்ட அட்டவணைப்படி, சம்பாதிக்காத மனைவி இறந்தால் அவள் வருமானம் என்பது சம்பாதிக்கும் கணவனின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. பிரபா ஸ்ரீதேவன் வீட்டு வேலைக்கு விலை போடும் வழிகளை வரிசையாக எடுத்துப் பார்த்தார். வெளியே வேலைக்குப் போயிருந்தால் அவள் என்ன சம்பாதித்திருப்பாள்? திருமணத்தைச் சம பங்குத் தொழிலாக எடுத்துக்கொண்டு கணவன் சம்பளத்தில் பாதி என்று வைக்கலாமா? அவள் செய்த வேலைகளுக்கெல்லாம் ஆள் போட்டால் எவ்வளவு ஆகும்?

அடுத்த வருடமே உச்ச நீதிமன்றத்தில் இதே மாதிரி ஒரு வழக்கு. கீழே உயர் நீதிமன்றம், அந்தப் பெண்ணுக்கு வருமானம் இல்லை என்று கூடுதல் தொகையை மறுத்திருந்தது. சிங்வி, கங்குலி என்ற இரண்டு ஆண் நீதிபதிகள் சென்னைத் தீர்ப்பைப் பக்கம் பக்கமாக எடுத்துக் காட்டி இழப்பீட்டை உயர்த்தினார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு ஒரே பத்தியில் ‘வேலை செய்யாதோர்’ என்று போட்டிருப்பதை கங்குலி கண்டித்து எழுதினார். ஆண்களால் இதைப் பார்க்க முடியாது என்று யார் சொன்னது? ஆனால் கேள்வியை முதலில் மேசையில் எடுத்து வைக்க ஒருவர் தேவைப்பட்டார். உங்கள் தோழி கேட்ட வாதம் இங்கே கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த விவாதத்துக்கு முன் 1985 தீர்ப்பையும் 2018 செப்டம்பர் 27 தீர்ப்பையும் அடுத்தடுத்து வாசியுங்கள். முதலாவது குட்டித் தீர்ப்பு, ஒரே மூச்சில் முடித்துவிடலாம். இரண்டாவதில் எல்லாவற்றையும் படிக்கப் பொறுமையில்லை என்றால் மல்ஹோத்ரா எழுதியதையாவது படியுங்கள். சபரிமலை தீர்ப்பில் அவர் எழுதியதையும் முழுசாகப் படித்துவிடுங்கள். தோழி அதைப் படித்திருப்பாள் என்றுதான் தோன்றுகிறது.