அத்திப்பள்ளிப் பக்கம் பெண்களுக்கு என்ன வேலை, எதில் சேரலாம்?

கேள்வி: பெங்களூருவை ஒட்டிய ஆனேக்கல் தாலுகாவில், அத்திப்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் இருக்கிறோம். சொந்த ஊர் தர்மபுரி. வயது 34, பத்தாவது பாஸ். கணவர் டெம்போ ஓட்டுகிறார். மூத்தவன் நான்காம் வகுப்பு, சின்னவளுக்கு நான்கு வயது. கார்மெண்ட்ஸ், செல்போன் கம்பெனி, அபார்ட்மெண்ட் ஹவுஸ்கீப்பிங், ரோஜாத் தோட்டம், வீட்டில் ஊதுபத்தி உருட்டுவது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கார்மெண்ட்ஸில் 14,000 என்கிறார்கள், பிடித்தம் போக 12,000 சொச்சம்தான் வருமாம். ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சிக்காரர் 13,000 கையில் தருகிறேன் என்கிறார். எதில் சேர்வது?

பதில்: என்னைக் கேட்டால் கார்மெண்ட்ஸ். அதுவும் ஏஜென்சி வழியாக இல்லாமல், கம்பெனி நேரடியாக எடுக்கும் இடமாக இருக்க வேண்டும்.

உங்களைக் குழப்புவது அந்த 13,000 தான் என்று தெரிகிறது. கார்மெண்ட்ஸ் சொல்லும் 14,000 முழுவதும் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், 1,680 ரூபாய். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம், 105 ரூபாய். இரண்டும் போக 12,215 கைக்கு வரும். ஆனால் கம்பெனியும் தன் பங்காக இன்னொரு 1,680 கட்ட வேண்டும். அதில் பெரும்பகுதி உங்கள் ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். இ.எஸ்.ஐ.க்குக் கம்பெனி பங்கு 3.25 சதவீதம், 455 ரூபாய். ஆக அந்த வேலையின் மாத மதிப்பு 16,135. ஏஜென்சிக்காரர் தருவது 13,000, அவ்வளவுதான்.

இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் உங்களுக்கு மட்டுமல்ல, கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சிகிச்சை கிடைக்கும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே அந்த உரிமை உண்டு. டெம்போ ஓட்டுகிறவர் வீட்டில் ஒரு ஆபரேஷன் வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பி.எஃப். பணம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2016 ஏப்ரலே சாட்சி. அதை எடுக்க மத்திய அரசு கட்டுப்பாடு போட்டபோது, பெங்களூருவில் ஒசூர் ரோட்டை மறித்து உட்கார்ந்தவர்கள் கார்மெண்ட்ஸ் பெண்கள். அறிவிப்பு உடனே வாபஸ் ஆனது.

ஏஜென்சிக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "உங்களிடம் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள்?" பத்துப் பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. உண்டு, இருபது பேர் என்றால் பி.எஃப்.பும். பிடித்தம் இல்லாமல் கையில் தருகிறேன் என்று அவர் சொல்வது உங்கள் மேல் உள்ள அக்கறையால் அல்ல. இன்னும் சிலர் முதலாளி பங்கையும் சேர்த்து வேலைக்காரர் சம்பளத்திலிருந்தே பிடிப்பார்கள். அது சட்டவிரோதம்.

செல்போன் கம்பெனிகளை நான் குறை சொல்லவில்லை. கோலார் பக்கம் நரசாபுராவிலும், ஒசூர் தாண்டி கெலமங்கலம் பக்கமும் பஸ் வைத்து ஆள் எடுக்கிறார்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் இருபதுகளில் உள்ள பெண்கள்தான். ஷிஃப்ட் மாறி மாறி வரும். நான்கு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு உங்களால் முடியுமா என்பதுதான் என் சந்தேகம். இரவு ஷிஃப்ட் என்றால் உங்கள் சம்மதம் வேண்டும், வண்டியும் அவர்களே தர வேண்டும் என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரோஜாத் தோட்டம் பக்கத்திலேயே இருக்கும். ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி 14 வரை ஆள் போதாமல் தேடுவார்கள், அப்புறம் குறைத்துவிடுவார்கள். மருந்தடித்து எவ்வளவு நேரம் கழித்துப் பாலிஹவுஸுக்குள் (செடி வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரம்) அனுப்புவார்கள் என்று கேட்காமல் போகாதீர்கள். ஊதுபத்தி ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று கூலி. மெஷின் வந்தபின் கையால் உருட்டும் வேலை குறைந்துவிட்டது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத மாதத்தைச் சமாளிக்கலாம், அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

சரி, கார்மெண்ட்ஸுக்கே வருவோம். அதிலும் ஹெல்பராகச் சேர்ந்து நூல் வெட்டிக்கொண்டே வருஷக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு. சேர்வதற்கு முன்பே ஊரில் யாரிடமாவது பவர் மெஷினில் நேர்த்தையல் பழகிக்கொண்டு போங்கள். கேட்டில் டெஸ்ட் வைப்பார்கள், தேறினால் டெய்லர் கிரேடில் எடுப்பார்கள். துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக்கும் தெரிந்தால் இன்னும் நல்லது. டார்கெட் நெருக்கடி நிஜம், சூப்பர்வைசர் கத்துவதும் நிஜம். அதனால் ஆபீஸில் கேட்பதை விட, சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பெண்களிடம் கேளுங்கள். பாத்ரூம் போக விடுகிறார்களா, ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி வருகிறதா, சம்பளத் தேதி தவறுகிறதா? பத்து நிமிஷத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

சின்னவளைப் பற்றியும் கேளுங்கள். 50 பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும். போர்டு மட்டும் தொங்கவிட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று நேரில் எட்டிப் பாருங்கள்.

ஆதார் இன்னும் தர்மபுரி விலாசத்தில் இருந்தால் இந்த வாரமே மாற்றுங்கள். 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டத்தில் சாதாரண அரசு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை, ஆனால் கர்நாடக விலாசம் வேண்டும். பொம்மசந்திரா தொழிற்பேட்டை வரை தினமும் போய் வரும் செலவு அதில் மிச்சம். ஒசூர் பக்கம் சேர்ந்தால் எல்லை தாண்டும் பஸ்ஸுக்கு அது செல்லாது. அங்கே குறைந்தபட்சக் கூலியும் தமிழ்நாட்டுக் கணக்கு, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதல் சம்பளம் வந்ததும் சம்பளச் சீட்டை வாங்கி, யு.ஏ.என். நம்பர் (உங்கள் பி.எஃப். கணக்கு எண்) இருக்கிறதா பாருங்கள். இரண்டாவது மாதம் பி.எஃப். பாஸ்புக்கில் பணம் ஏறவில்லை என்றால் அப்போதே கேளுங்கள், வருஷம் கழித்துக் கேட்டால் கம்பெனியே இடம் மாறியிருக்கும்.