பார்க்கப் பழகுதல் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவன். சென்ற ஆண்டு பள்ளிப்படிப்பை முடித்துச் சென்னையில் வணிகவியல் படிக்கச் சேர்ந்து, திருவல்லிக்கேணியில் விடுதியில் தங்கியிருக்கிறேன். கலைகளைப் பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்துத்தான் இங்கே பார்க்க வேண்டியவற்றைப் பட்டியல் போட்டேன். எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடம், சோழமண்டலம் ஓவியர் கிராமம், மார்கழியில் ஒரு சபாக் கச்சேரி, ஒரு நவீன நாடகம் என எல்லாவற்றுக்கும் போய்விட்டேன். உண்மையைச் சொன்னால் எதுவும் மனதில் ஒட்டவில்லை. அருங்காட்சியகத்தில் எல்லாச் சிலைகளும் ஒன்றுபோலவே தெரிந்தன. சோழமண்டலத்தில், அதை நிறுவிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியத்தில் எழுத்துகள் மாதிரி ஏதோ இருந்தன. படிக்க முயன்று தோற்றேன். கச்சேரியில் மற்றவர்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்க, எப்போது கைதட்டுவது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடுதி நண்பர்களிடம் மட்டும் எல்லாம் பிரமாதம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இவற்றை முறையாகப் படித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டுமா? அல்லது ரசனை என்பது சிறுவயதிலேயே வாய்க்க வேண்டிய ஒன்றா? எனக்கு அது இல்லையென்றால் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

(பெயர் வேண்டாமே)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, எல்லாச் சிலைகளும் ஒன்றுபோலத் தெரிந்தன என்பதுதான். அந்தக் கூடத்திற்குள் நுழைந்து, ஒவ்வொரு கண்ணாடிப் பேழைக்கும் சில நொடிகள் கொடுத்து, மறுவாசல் வழியாக வெளியே வருகிற எவருக்கும் அப்படித்தான் தெரியும். அதற்கும் ரசனைக்கும் தொடர்பில்லை. ஆனால் நீங்கள் கும்பகோணத்துக்காரர் என்பதை மறந்துவிட்டு அதை எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றியது. உங்கள் ஊர்க் கோயிலில் விழாக்காலங்களில் வீதிக்கு எழுந்தருளும் உற்சவரும் இதே வகைச் செப்புத்திருமேனிதான். பிறந்தது முதல் பார்த்துவருகிறீர்கள். பட்டு, மாலை, கவசம், குடை, தீவட்டி, சுவாமியைச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் தோளசைவு ஆகியவற்றோடு பார்த்திருப்பீர்கள். அந்த அலங்காரத்தில் வெளியே தெரிவது பெரும்பாலும் முகமும் கைகளும் மட்டுமே. எழும்பூரில்தான் அலங்காரம் களைந்த முழு உடலையும், சிற்பி வார்த்த தோளையும் இடையையும் காலையும், முதன்முறையாக எதிரில் நின்று பார்க்கிறீர்கள். பழகிய ஒருவரைப் பழக்கமில்லாத கோலத்தில் பார்க்கும்போது அடையாளம் தெரியாமல் போவது இயல்பு.

அடுத்த முறை அங்கே போகும்போது (வெள்ளிக்கிழமை விடுமுறை, நினைவிருக்கட்டும்) திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். பதினோராம் நூற்றாண்டுத் திருமேனி அது. முதலில் கைகளை எண்ணுங்கள். வலப்புறம், சிவனின் பாதியில், இரண்டு கைகள். இடப்புறம், உமையின் பாதியில், ஒன்றே ஒன்று. இரண்டு கைகள் ஒருபுறமும் ஒரே கை மறுபுறமும் உள்ள ஓர் உடலைக் கண்ணை உறுத்தாமல் நிற்கவைப்பது எளிதன்று. அதை அந்தச் சிற்பி எப்படிச் சமாளித்தார் என்பதற்கான விடை இடுப்பில் இருக்கிறது. தலையிலிருந்து தொடங்கி மார்பு, இடை, முழங்கால் என்று கண்ணைக் கீழே இறக்கிக்கொண்டே வந்தால், உடலின் நடுக்கோடு எந்த இடத்தில் எந்தப் பக்கம் வளைகிறது என்பது தெரியும். பிறகு பக்கவாட்டில் நகர்ந்து நின்று பாருங்கள். கடைசியாகப் பீடத்தைப் பாருங்கள். செப்புத்திருமேனிகளின் பீடங்களில் காணப்படும் துளைகளும் வளையங்களும் தண்டுகளைச் செருகவும் கயிற்றால் பிணைக்கவும் வைக்கப்பட்டவை. தோளில் ஏறி ஊர்வலம் போவதற்காகவே செய்யப்பட்ட உருவங்கள் அவை என்பதற்கு அந்தத் துளைகளே சாட்சி. ஊர்வலத்தைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அந்தச் சாட்சியம் புரிவதுபோல, வெளிநாட்டிலிருந்து கையேட்டோடு வருகிற பயணிக்குப் புரியாது.

செய்முறையும் உங்களுக்கு அந்நியமானதன்று. சுவாமிமலை உங்கள் பக்கத்து ஊர். தேன்மெழுகோடு குங்கிலியப் பிசினைச் சேர்த்து உருவத்தைப் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றிய பின், அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவதை அங்குள்ள ஸ்தபதிகளின் பட்டறைகளில் இன்றும் பார்க்கலாம். குளிர்ந்ததும் அச்சை உடைத்துத்தான் உருவத்தை எடுக்க வேண்டும் என்பதால் அதே அச்சில் இன்னொன்றை வார்க்க முடியாது. ஒன்றுபோலவே இருந்தன என்று நீங்கள் எழுதிய அத்தனை உருவங்களும் தனித்தனியாக மெழுகில் பிடிக்கப்பட்டவை.

படித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், சிற்பத்தையும் ஓவியத்தையும் பொறுத்தவரை, முதலில் பாருங்கள், பிறகு படியுங்கள் என்பதுதான். அதே அருங்காட்சியகத்தில் உள்ள திருவாலங்காட்டு நடராசரைப் பற்றிப் பிரெஞ்சுச் சிற்பி ரோதான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். 1913-இல் எழுதி, அவர் இறந்த பின் 1921-இல் அச்சானது. அவர் சென்னைக்கு வந்தவர் அல்லர். புகைப்படங்களைப் பார்த்துத்தான் எழுதினார். சைவ மரபைப் பற்றி அவருக்குத் தெரிந்தது மிகச் சொற்பமாகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் காலையும் கையையும் முகத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, ஒளி எங்கே விழுகிறது, நிழல் எங்கே தங்குகிறது என்று ஒரு சிற்பியின் கண்ணோடு பார்த்தார். ஐந்தொழில் தத்துவத்தை ஒப்பித்துக்கொண்டே அதே நடராசரைக் கடந்துபோகும் நம்மவர்கள், அந்தத் திருமேனியில், சுற்றிலும் இருக்க வேண்டிய சுடர் வட்டமான திருவாசி இல்லை என்பதைக்கூடக் கவனிப்பதில்லை. தத்துவம் தெரிவது தவறென்று சொல்லவில்லை. தெரிந்துவிட்டது என்ற நிறைவு கண்ணை மூடிவிடுகிறது என்பதே என் குறை.

இசைக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. கச்சேரி காலத்தில் ஓடிக்கொண்டே இருப்பது. நின்று திரும்பிப் பார்க்க முடியாது. ஆகவே அதற்குக் கொஞ்சம் முன்பழக்கம் வேண்டும். ஆனால் அந்தப் பழக்கமும் உங்களிடம் ஓரளவு இருக்கிறது. சுவாமி புறப்பாட்டின்போது நாகஸ்வரத்தில் வாசிக்கப்படும் மல்லாரியைக் கேட்டிருப்பீர்கள். அது பெரும்பாலும் கம்பீரநாட்டை ராகத்தில் அமைவது. பெயர் தெரியாமலேயே ஒரு ராகம் உங்கள் காதில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள். அடுத்து, உங்கள் பகுதியைச் சேர்ந்த நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகப் பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். தோடி என்றால் என்ன என்று இலக்கணம் தேட வேண்டாம்; கேட்டுக்கொண்டே வந்தால், பின்னொரு நாள் யாரோ பாடத் தொடங்கும்போது இது அதுவல்லவா என்று காது தானாகவே சொல்லும். அப்போது இராக இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால் அதில் உள்ளது விளங்கும்.

கைதட்டுவது பற்றிய உங்கள் பதற்றத்தைச் சிறிய விஷயமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. உங்களைத் தடுத்தது அறியாமையைவிடக் கூச்சமே என்று நினைக்கிறேன். அந்தக் கூச்சம் உங்கள் மனப்பிரமையும் அன்று. சென்னையின் சபாக்கள் நெடுங்காலமாகப் பெரும்பாலும் ஒரே சமூக வட்டத்தினர் கூடும் இடங்களாக இருந்துவந்திருக்கின்றன. யாருக்கு எங்கே இருக்கை, யார் யாருக்கு உறவு என்பது அவர்களுக்குத் தெரியும். புதிதாக நுழைபவர் அதை உடனே உணர்ந்துவிடுவார். இசை அப்படியொரு வட்டத்துக்குள் நிற்கக் கூடாது என்று எண்ணியவர்களால்தான் சென்னையின் மீனவர் குப்பமான ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் கடலோர விழா தொடங்கியது. 2020-இல் ‘மார்கழியில் மக்களிசை’ என்ற மேடையும் வந்தது. அங்கெல்லாம் செல்லுங்கள். ஆனால் சபாவையும் விட்டுவிடாதீர்கள். பிற்பகலில் இளம் கலைஞர்கள் பாடும் கச்சேரிகள் பலவற்றுக்கு அனுமதிச்சீட்டே கிடையாது, கூட்டமும் குறைவு, மேடையில் இருப்பவரும் ஏறத்தாழ உங்கள் வயதுக்காரர். தொடையில் தாளம் போட்டவர்களைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். தனி ஆவர்த்தனம் தொடங்கி, மிருதங்கக்காரர் தம் வித்தையைக் காட்ட முனைகிற வேளையில் காண்டீனை நோக்கி எழுந்துபோகிறவர்களில் அவர்களும் உண்டு. கச்சேரி முழுவதும் இருக்கையிலேயே இருந்த நீங்கள் அந்தக் கலைஞருக்குச் செய்த மரியாதை பெரிது.

பணிக்கரின் ஓவியத்தைப் படிக்க முயன்று தோற்றேன் என்கிறீர்கள். தோற்கவில்லை, படிக்க முடியாதபடிதான் அவர் எழுதினார். 1960-களில் அவர் வரையத் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற ஓவிய வரிசையில், ஜாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள், எழுத்து வரிசைகள் போலத் தோன்றும் கோடுகள் திரை முழுவதும் நெருக்கமாக நிற்கும். பொருளைத் தேடிப் போகும் கண், பொருள் கிடைக்காமல் மெல்ல மெல்லக் கோட்டையும் வண்ணத்தையும் இடைவெளியையும் பார்க்கத் தொடங்குகிறது. ஜோசியர் விரித்த பழைய ஏட்டை, படிக்கத் தெரியாத ஒரு சிறுவன் எட்டிப் பார்க்கிறபோது அவனுக்குத் தெரிவதும் அதுதானே? அந்த ஓவியத்தின் முன் நின்று படிக்க முயன்றீர்கள் என்பதே போதும். சோழமண்டலத்தை 1966-இல் தொடங்கியபோது அங்கே வந்து சேர்ந்த ஓவியர்கள், ஓவியத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்பதால், மெழுகிட்டுச் சாயம் ஏற்றும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் அந்த நிலத்தில் காலூன்றினார்கள். வணிகவியல் மாணவரான உங்களுக்கு இந்தக் கதை கூடுதலாகச் சுவைக்கலாம்.

நவீன நாடகத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். எந்த நாடகம் என்று நீங்கள் எழுதவில்லை. மோசமான நாடகமாகவும் இருந்திருக்கலாம். எல்லாக் குறையையும் பார்வையாளர் தம் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

பட்டியலை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். திருவல்லிக்கேணியிலிருந்து நடந்தால் எட்டிவிடும் தூரத்தில், மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறது. 1959-இல் நிறுவப்பட்டது, ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது. பேருந்தில் போகிறவர்கள் அதை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நீங்கள் மாலையில் போய் அதைச் சுற்றி வாருங்கள். பாறையை அசைக்க முயலும் அந்த நால்வரில் யாருடைய எடை எந்தக் காலில் இறங்குகிறது, யாருடைய முதுகு எவ்வளவு வளைகிறது என்று பாருங்கள். விடுதிக்குத் திரும்பியதும், பார்த்ததை மட்டும், பிரமாதம் அருமை முதலிய சொற்கள் இல்லாமல், பத்து வரி எழுதிவையுங்கள். நண்பர்கள் கேட்டால் அந்தப் பத்து வரியைப் படித்துக்காட்டலாம்; பொய் சொல்ல வேண்டிய தேவை இராது.

விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒரு நாளைத் தஞ்சாவூர் அரண்மனையில் உள்ள கலைக்கூடத்துக்கு ஒதுக்குங்கள். திருவெண்காட்டிலிருந்தே வந்த ரிஷபவாகனர் (காளைமேல் சாய்ந்து நிற்கும் சிவன்) அங்கே நிற்கிறார். காளை இல்லை, அதன்மேல் சாய்ந்த கை மட்டும் அப்படியே இருக்கிறது. எழும்பூர் அர்த்தநாரீசுவரரை நன்றாகப் பார்த்துவிட்டு அங்கே செல்லுங்கள். இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றனவா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள். ஒன்றுபோலத்தான் தெரிகின்றன என்றாலும் எழுதுங்கள்.

அன்புடன்.