‘டிஸ்போஸ்டு’னு போட்டிருக்கே, ஜெயிச்சோமா தோத்தோமா? – வாசகர் சட்டக் கேள்விகள்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல நிறைய பேர் கேட்டது ஒரே விஷயம்தான். ஆர்டர் கைக்கு வந்துருச்சு, ஆனா அதுல என்ன சொல்லியிருக்குனு யாரும் உக்காந்து விளக்கல. வக்கீல் ஆபீசுக்கு போன் பண்ணா குமாஸ்தா எடுத்து ‘அடுத்த மாசம் வாய்தா’னு சொல்லிட்டு வச்சிடறார். பாதிக்கப்பட்டவங்களுக்கு தன் கேஸ் எந்த நிலையில நிக்குதுன்னே தெரியாம இருக்கறது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம், அதனால இந்த தடவை இந்த மாதிரி கேள்விகளுக்கு மட்டும் பதில். அனுப்பினவங்க பேரை எடுத்துட்டேன்.

கேள்வி: மேடம், எனக்கும் என் பொண்ணுக்கும் சேர்த்து மாசம் 8,000 ரூபா ஜீவனாம்சம் குடுக்கணும்னு ஃபேமிலி கோர்ட்ல ஆர்டர் ஆகி 14 மாசம் ஆகுது. ஒத்த பைசா வரல. கேட்டா ‘ஹைகோர்ட்ல அப்பீல் போட்டிருக்கேன், அது முடியற வரைக்கும் குடுக்க வேண்டியதில்ல’ங்கறார். ‘மீறிப் போனா ஒரு மாசம் ஜெயில், அதோட பாக்கி கழிஞ்சிரும்’னு மாமியார் வீட்ல பேசிக்கறாங்க. நெஜமா? – வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ரெண்டுமே பொய்ம்மா. மேல்கோர்ட்ல மனு போட்டதால மட்டும் கீழ்கோர்ட் ஆர்டர் நின்னுறாது, ஸ்டேனு தனியா ஒரு உத்தரவு வாங்கியிருக்கணும். அவர்கிட்ட ‘ஸ்டே ஆர்டர் காப்பி எங்க’னு ஒரு கேள்வி கேளுங்க. இல்ல, நீங்களே ஹைகோர்ட் வெப்சைட்லயோ இ-கோர்ட்ஸ் ஆப்லயோ அவர் பேரையும் உங்க பேரையும் போட்டு தேடுங்க, மனு போட்டிருக்காரா, கோர்ட்ல அதுக்கு நம்பர் குடுத்தாச்சா, ஸ்டே இருக்கானு அங்கயே தெரிஞ்சுரும். அப்படியே ஸ்டே குடுத்தாலும் பல நேரம் பாக்கியில ஒரு பங்கை கட்டுனாத்தான் ஸ்டேனு நிபந்தனை இருக்கும், அதை அவர் கட்டலைன்னா உங்க வக்கீல் அதை வச்சே பேசலாம்.

ஜெயில் விஷயத்துல சுப்ரீம் கோர்ட் 1989லயே, குல்தீப் கவுர் வழக்குல, தெளிவா சொல்லிருச்சு. ஜெயில்ங்கறது பணத்தைக் கட்ட வைக்கறதுக்கான ஒரு வழி, ஜெயிலுக்குப் போயிட்டு வந்ததால கடன் அடைஞ்சதா ஆகாது. உள்ள போயிட்டு வெளிய வந்தாலும் அந்த பாக்கி அப்படியே அவர் தலைமேல இருக்கு.

இனி நான் சொல்றதுதான் உங்களுக்கு அவசரம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 125னு சொல்லிட்டிருந்த ஜீவனாம்சப் பிரிவு 2024 ஜூலை 1லேர்ந்து அதுக்குப் பதிலா வந்த புது சட்டத்துல, அதாவது பிஎன்எஸ்எஸ்ல, 144 ஆகியிருக்கு. ரெண்டுலயும் ஒரு நிபந்தனை மாறவே இல்ல, பாக்கி விழுந்த தேதியிலேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள வசூல் மனு போடணும். உங்களுக்கு 14 மாசம் ஆச்சுன்னா ஆரம்பத்து மாசங்களோட பணத்துக்கு வாரண்ட் கேக்கற வழி ஏற்கெனவே அடைபட்டிருக்கலாம், ஒவ்வொரு மாசம் தள்ளிப்போட இன்னொரு மாசப் பணமும் அந்த வழியிலேர்ந்து கழண்டுக்கும். அவர் ‘அப்பீல் முடியட்டும்’னு இழுக்கறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். அதனால இந்த வாரமே எம்.சி. நம்பரும் (உங்க ஜீவனாம்ச வழக்கோட நம்பர்) ஆர்டரோட சர்ட்டிஃபைடு காப்பியும் எடுத்துட்டு, மாசவாரியா எவ்வளவு பாக்கினு ஒரு பேப்பர்ல எழுதி, அதே கோர்ட்ல மனு போடச் சொல்லுங்க. ஒரு தடவை நேரத்துக்குள்ள மனு போட்டு அது நடப்புல இருந்தா, அதுக்கப்புறம் சேர்ற பாக்கியையும் அதுலயே சேர்த்து கேக்கலாம்னு 2005ல சாந்தாங்கறவங்க வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு.

பழைய மாசங்களையும் விட்டுறாதீங்க. 2020 நவம்பர் 4ல வந்த ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்பு உங்க மாதிரி ஆட்களுக்காகவே வந்த தீர்ப்புனு நான் நினைக்கறேன், 2013ல போட்ட இடைக்கால ஜீவனாம்ச மனு இழுத்து இழுத்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன கேஸ் அது. ஜீவனாம்ச உத்தரவை ஒரு பணத் தீர்ப்பு மாதிரியே சிவில் வழியில, சொத்து சம்பளம் ஜப்தி பண்ணி, நிறைவேத்தலாம்னு அதுல இருக்கு. மனு போட்ட தேதியிலேர்ந்தே ஜீவனாம்சம் குடுக்கணும்னும், ரெண்டு பேரும் சொத்து வருமானக் கணக்கை பிரமாணப் பத்திரமா தாக்கல் பண்ணணும்னும் அதே தீர்ப்புதான் சொல்லுது. உங்க ஆர்டரோட கடைசி பாராவை எடுத்துப் பாருங்க. ‘மனுத் தேதி முதல்’னு இருக்கா ‘இன்று முதல்’னு இருக்கா? அந்த ரெண்டு வார்த்தையில பெரிய தொகை மாறும்.

வக்கீலுக்கு குடுக்க பணமில்லைனு கடிதத்தோட கீழ சின்னதா எழுதியிருந்தீங்க. 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, இலவசமா வக்கீல் குடுத்தாகணும். திண்டுக்கல் கோர்ட் வளாகத்துலயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், நேரா போங்க, இல்லைன்னா 15100க்கு கூப்பிடுங்க. யாரும் ஒரு ரூபா கேக்கக்கூடாது.

கேள்வி: என் நகை, சீர்வரிசை சாமானை புருஷன் வீட்ல வச்சுக்கிட்டு தர மாட்டேங்கறாங்க. மகளிர் ஸ்டேஷன்ல புகார் குடுத்தேன், எஃப்ஐஆர் போடல. மதுரை ஹைகோர்ட்டுக்கு போனோம், ஆர்டர் வந்துருச்சு, ‘ஜெயிச்சாச்சு’னு எங்க அண்ணன் ஊரெல்லாம் சொல்லிட்டார். ஆனா ஸ்டேஷன்ல அதே பழைய கதைதான். வெப்சைட்ல ‘டிஸ்போஸ்டு’னு இருக்கு. – வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: நீங்க அனுப்பின ஆர்டர் காப்பியை முழுசா படிச்சேன், ரெண்டு பக்கம்தான். கடைசி பாரா இப்படி முடியுது: மனுதாரரோட புகாரை அதோட தகுதியின் அடிப்படையில, சட்டப்படி பரிசீலிச்சு நாலு வாரத்துக்குள்ள முடிவெடுக்கணும், புகார்ல இருக்கற விஷயங்கள் உண்மையா பொய்யானு இந்த கோர்ட் எதுவும் சொல்லல. இதைத்தான் வக்கீல்கள் டைரக்‌ஷன்ம்பாங்க. ஹைகோர்ட்ல நாள் முழுக்க இந்த மாதிரி ஆர்டர் போயிட்டே இருக்கும். இதுல நீங்க ஜெயிக்கவும் இல்ல தோக்கவும் இல்ல, ‘பாருங்க’னு போலீசுக்கு சொல்லியிருக்கு, அவ்வளவுதான். ‘எஃப்ஐஆர் போடு’னு எந்த வரியிலயும் இல்ல. டிஸ்போஸ்டுன்னா அந்த மனு கோர்ட் கணக்குலேர்ந்து முடிஞ்சதுனு மட்டும்தான் அர்த்தம், யார் பக்கம் முடிஞ்சதுனு அந்த சொல்லுல கிடையாது.

சரி, இதை வச்சு என்ன பண்ணலாம். ஆர்டர் காப்பியை ஒரு லெட்டரோட இணைச்சு ஸ்டேஷன்லயும் எஸ்பி ஆபீஸ்லயும் ஒப்புகை வாங்கி குடுங்க, காப்பி கைக்குக் கிடைச்ச நாள்லேர்ந்து நாலு வாரம்னு இருக்கறதால குடுத்த தேதிக்கு ஆதாரம் வேணும். நாலு வாரம் தாண்டியும் ஒண்ணுமே பண்ணலைன்னா கோர்ட் அவமதிப்பு மனு போடலாம், அதுக்கும் ஒரு வருஷம்தான் டைம். ஆனா அவங்க உங்களையும் அவரையும் கூப்பிட்டு விசாரிச்சு ‘சிவில் தகராறு’னு எழுதி மூடிட்டா, உங்களுக்குப் பிடிக்கலைன்னாலும் ஆர்டரை மதிச்சதாத்தான் ஆகும். அப்போ திரும்ப ஹைகோர்ட்டுக்கு ஓடாதீங்க. எஸ்பிக்கு ரிஜிஸ்டர் தபால்ல புகார் அனுப்பிட்டு, அதுக்கும் பலனில்லைன்னா உங்க ஏரியா மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல பிஎன்எஸ்எஸ் 175(3)ல, பிரமாணப் பத்திரத்தோட, மனு போடுங்க. கைது பண்ணக்கூடிய குற்றம்னு புகார்லயே தெரிஞ்சா எஃப்ஐஆர் போட்டே ஆகணும்னு 2013ல லலிதா குமாரி வழக்குல அஞ்சு நீதிபதிகள் சொல்லியிருக்காங்க. ஆனா அதே தீர்ப்புல குடும்பத் தகராறுல முதல்கட்ட விசாரணை பண்ணிட்டு போடலாம்னும் இருக்கு, மகளிர் ஸ்டேஷன்ல முதல்ல கவுன்சிலிங்னு உக்கார வைக்கறது இதை வச்சுத்தான். விசாரிக்கறது தப்பில்ல, விசாரணைங்கற பேர்ல மாசக்கணக்கா அலைய விடறதுதான் தப்பு. புகார் குடுத்தப்ப சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகாரை வாங்கிக்கிட்டதுக்கு ஸ்டேஷன்ல குடுக்கற ரசீது, வாங்கினீங்களா? கடிதத்துல அது பத்தி இல்ல. இல்லைன்னா முதல்ல அதை கேட்டு வாங்குங்க.

இன்னொண்ணு, உங்களுக்கு வேண்டியது நகை திரும்ப வர்றதுதான்னா எஃப்ஐஆரையே நம்பி நிக்காதீங்க. 2005 குடும்ப வன்முறை தடுப்புச் சட்டத்துல மாஜிஸ்ட்ரேட்கிட்ட மனு போட்டா சீதனப் பொருளை திருப்பிக் குடுக்கச் சொல்லி உத்தரவு போட முடியும். கலெக்டர் ஆபீஸ்ல சமூக நலத்துறையில இருக்கற பாதுகாப்பு அலுவலரைப் போய்ப் பாருங்க, மனு எழுதவே அவங்க உதவி பண்ணணும். என்னைக் கேட்டா உங்க நிலைமைக்கு இதுதான் கிட்டத்து வழி.

கேள்வி: என் தம்பியை வெட்டினவன் ரெண்டு மாசத்துல ஜாமீன்ல வந்துட்டான். ஊர்ல மாலை போட்டு கூட்டிட்டு வந்தாங்க. கேஸ் முடிஞ்சு போச்சா? கோர்ட்ல எங்களை ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே. – வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: முடியலைங்க. ஜாமீன்ங்கறது விசாரணை நடக்கற காலத்துல அவர் வெளிய இருக்கறதுக்கான அனுமதி, குற்றம் செஞ்சாரா இல்லையாங்கற கேள்விக்கு கோர்ட் இன்னும் போகவே இல்ல. உங்க வலி புரியுது, மாலையைப் பாத்தா யாருக்கும் ரத்தம் கொதிக்கும். ஆனா அந்த மாலைக்கு சட்டத்துல ஒரு மதிப்பும் கிடையாது.

நீங்க கண்டுபிடிக்க வேண்டியது எந்த ஜாமீன்ங்கறது. கோர்ட் கேஸைப் பாத்துட்டு குடுத்ததா, இல்ல போலீஸ் நேரத்துக்குள்ள குற்றப்பத்திரிகை தாக்கல் பண்ணாததால தானா கிடைச்சதா? பத்து வருஷமோ அதுக்கு மேலயோ, ஆயுள், தூக்கு வரைக்கும் தண்டனை இருக்கற குற்றம்னா 90 நாள், மத்ததுக்கு 60 நாள், அதுக்குள்ள சார்ஜ்ஷீட் வரலைன்னா ஜாமீன் கேக்கறது குற்றம்சாட்டப்பட்டவரோட உரிமை, கோர்ட்டால மறுக்க முடியாது. கொலை முயற்சி பிரிவு போட்டிருந்தா 90 நாள் கணக்கு வரும், ரெண்டு மாசத்துல வெளிய வந்திருக்கறதால எஃப்ஐஆர்ல என்ன பிரிவு போட்டிருக்காங்கனு முதல்ல பாருங்க. வெட்டுக்காயத்தை சாதாரண காயம்னு குறைச்சு எழுதியிருந்தா இப்பவே, காய சான்றிதழோட, டிஎஸ்பிகிட்ட எழுதிக் குடுங்க. சார்ஜ்ஷீட் போனதுக்கப்புறம் மாத்தறது ரொம்பக் கஷ்டம்.

உங்களைக் கேக்கலைங்கறது நியாயமான ஆதங்கம். உத்தரப்பிரதேசத்துல விவசாயிகள் மேல கார் ஏத்தின லக்கிம்பூர் கேரி வழக்குல, குற்றம்சாட்டப்பட்டவருக்கு ஹைகோர்ட் குடுத்த ஜாமீனை 2022ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிச்சு, பாதிக்கப்பட்டவங்களை சரியா கேக்காம விட்டதும் அதுக்கு ஒரு காரணம். ஆனா யாராவது வந்து கூப்பிடுவாங்கனு காத்திருந்தா நடக்காது, உங்க தரப்புல ஒரு வக்கீல் இன்டர்வீன் மனு, அதாவது ‘எங்களையும் கேளுங்க’னு ஒரு மனு, போட்டு நிக்கணும். வெளிய வந்தவன் சாட்சிகளை மிரட்டறான், நிபந்தனைப்படி கையெழுத்து போட வரலைனா தேதி நேரத்தோட ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து ரசீது வாங்குங்க, ஜாமீனை ரத்து பண்ண அதுதான் ஆதாரம். விசாரணை எந்த அளவுல இருக்குனு 90 நாளுக்குள்ள புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ போலீஸ் தெரிவிக்கணும்னு பிஎன்எஸ்எஸ்ல வந்திருக்கு, அதையும் கேளுங்க. நாளைக்கே விடுதலைனு தீர்ப்பு வந்தாலும் உங்க தம்பி சொந்தமா அப்பீல் போகலாம்.

கேள்வி: ரெண்டு பேரும் சம்மதிச்சு டைவர்ஸ் கேட்டிருக்கோம். ஆறு மாசம் காத்திருக்கணும்னு சொல்றாங்க, குறைக்க முடியுமா? – வாசகர், கோவை

பதில்: முடியும், ஆனா எல்லாருக்கும் இல்ல. 2017ல அமர்தீப் சிங் வழக்குல அந்த ஆறு மாசம் கட்டாயமில்லைனு சொல்லியாச்சு. மனு போடறதுக்கு முன்னாடியே நீங்க பிரிஞ்சு ஒன்றரை வருஷம் ஆகியிருக்கணும், சமரசம் பேசி பலனில்லைனு இருக்கணும், ஜீவனாம்சம், குழந்தை விஷயமெல்லாம் பேசி முடிச்சிருக்கணும். முதல் மனுவுக்கு ஒரு வாரம் கழிச்சு அந்த ஆறு மாசத்தை விலக்கச் சொல்லி மனு போடலாம், நீதிபதி ஒத்துக்கணும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, தீர்ப்பு வர்ற வரைக்கும் ரெண்டு பேர்ல யார் வேணா சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். அதனால பணத்தை மொத்தமா முன்னாடியே குடுத்துறாம, ரெண்டாவது தடவை கோர்ட்ல சம்மதம் சொல்ற அன்னிக்கு ஒரு பகுதினு ஒப்பந்தத்துலயே எழுதிக்கறது ரெண்டு பேருக்கும் நல்லது.

கேள்வி: எனக்கே தெரியாம என் புருஷன் டைவர்ஸ் வாங்கிட்டார் மேடம். சம்மன் வரவே இல்ல. போன வாரம் அவர் தங்கச்சி சொல்லித்தான் தெரியும். – வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்: அழுதுட்டு உக்காராதீங்கம்மா, உங்களுக்கு 30 நாள்தான் இருக்கு. சம்மன் முறைப்படி சேரலைன்னா தீர்ப்பு பத்தி உங்களுக்குத் தெரிஞ்ச நாள்லேர்ந்து அந்த 30 நாள் ஓடும், அதாவது போன வாரமே ஓட ஆரம்பிச்சாச்சு. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை, அதாவது உங்க தரப்பு வராமலே குடுத்த தீர்ப்பை, ரத்து பண்ணச் சொல்லி அதே கோர்ட்ல மனு போடணும், ஹைகோர்ட்டுக்குப் போகணும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. நாளைக்கே கோர்ட்டுக்குப் போய் காப்பி அப்ளிகேஷன் போட்டு தீர்ப்பும், சம்மன் போன விவரமும் கேளுங்க. எந்த அட்ரஸுக்கு அனுப்பினாங்க, ‘வாங்க மறுத்தார்’னு எழுதியிருக்கா, யார் கையெழுத்து போட்டிருக்காங்க, பேப்பர்ல விளம்பரம் குடுத்ததா இருந்தா எந்த பேப்பர், எந்தத் தேதினு எல்லாத்தையும் பாருங்க. அந்தத் தேதிகள்ல நீங்க அம்மா வீட்ல இருந்ததுக்கு ரேஷன் கார்டு, பிள்ளையோட ஸ்கூல் சர்டிபிகேட், ஆஸ்பத்திரி சீட்டுனு எது இருந்தாலும் எடுத்து வைங்க. மனுவோட கூடவே, இது முடியற வரைக்கும் அவர் வேற கல்யாணம் பண்ணக்கூடாதுனு தடையும் கேளுங்க, தனியா கேட்டாத்தான் அது கிடைக்கும்.