ஈரமாக இருக்கும் மசாலா ஊதுபத்தி கெட்டுப்போனதா?

கேள்வி: மைசூருக்குச் சென்றிருந்தபோது தேவராஜ மார்க்கெட் அருகே ஒரு சிறிய கடையில், கையால் செய்த மசாலா ஊதுபத்தி கால் கிலோ வாங்கினேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால் பத்திகள் மெத்தென்று ஈரமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. பருமனும் சீராக இல்லை. இரண்டு பத்திகள் பாதியிலேயே அணைந்துவிட்டன. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்கிறார் என் மைத்துனர். திருப்பி அனுப்பிவிடலாமா? (ஈரோட்டு வாசகி)

பதில்: அனுப்ப வேண்டாம். நீங்கள் குறை என்று எழுதியிருக்கும் மூன்றில் இரண்டு, அந்தப் பத்தி உண்மையான மசாலாப் பத்தியாக இருப்பதற்கான அடையாளங்கள். மூன்றாவதை ஒரு மணி நேரத்தில் சரி செய்துவிடலாம்.

மசாலாப் பத்தி என்பது வாசனைப் பொருள்களின் தூளைப் பிசைந்து குச்சியில் உருட்டியது. வெட்டிவேர், ஜடாமாஞ்சி, கிச்சிலிக்கிழங்கு, சந்தனம், குங்கிலியம் போன்றவற்றின் தூளோடு, பிடிப்புக்காக மரப்பட்டைத் தூளையும் சேர்த்துக் குழைப்பார்கள். பழைய முறையில் செய்பவர்கள் தேனும் மட்டிப்பாலும் சேர்ப்பார்கள். கன்னடத்தில் ஹால்மட்டி எனப்படும் இந்த மட்டிப்பால், தீக்குச்சித் தொழிலுக்கும் பயன்படும் மட்டி மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கும் பிசின். தேனும் மட்டிப்பாலும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையவை என்பதால், மழைக்காலத்தில் இந்தப் பத்தி மெத்தென்றுதான் இருக்கும். உருட்டியது கை என்பதால் பருமனும் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். அணைந்துபோன பத்திகளை ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நிழலில், காற்றோட்டமான இடத்தில் பரப்பி வையுங்கள். வெயிலில் காய வைத்தால் வாசனையும் சேர்ந்து போய்விடும்.

ஆனால் எல்லா ஈரமும் மட்டிப்பாலின் ஈரம் அல்ல என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஏமாற்று நடப்பது இந்த இடத்தில்தான். சந்தையில் மிகுதியாக விற்பது கரிப்பத்தி. மணமில்லாத கரித்தூளையும் மரப்பட்டைத் தூளையும் குழைத்து உருட்டிய வெறும் பத்தியை, கரைப்பானில் கலந்த செயற்கை வாசனை எண்ணெயில் நனைத்து எடுப்பார்கள். அதுவும் தொட்டால் ஈரமாகத்தான் இருக்கும். வெள்ளைத் தாளின் மேல் இரண்டு பத்திகளை இரவு முழுவதும் வைத்துப் பாருங்கள். நனைத்த பத்தியாக இருந்தால் தாள் கண்ணாடிபோல் தெரியும் அளவுக்கு எண்ணெய் அகலமாகப் பரவியிருக்கும். மசாலாப் பத்தியில் பிசுபிசுப்பும் தூளும் ஒட்டியிருக்கும், மிஞ்சினால் மெல்லிய கோடுபோல ஒரு கறை விழும். சில நல்ல மசாலாப் பத்திகளிலும் மணத்துக்காகக் கொஞ்சம் எண்ணெய் சேர்ப்பதுண்டு என்பதால் தாளை மட்டும் நம்பாமல், நகத்தால் பத்தியைச் சுரண்டியும் பாருங்கள். உள்ளே குச்சி வரைக்கும் ஒரே பழுப்பு நிறமாக, நார் நாராக உதிர்ந்தால் மசாலா. மேலே மட்டும் பழுப்பாக இருந்து உள்ளே கன்னங்கரேல் என்றிருந்தால், கரிப்பத்தியின் மேல் தூளைப் புரட்டியிருக்கிறார்கள். கலவை போடும் வேலையில் நான் இருந்த காலத்தில், இப்படிப் புரட்டித் தரும்படி ஒரு மொத்த வியாபாரி என்னிடமே கேட்டார். மறுத்தேன், வேறொருவர் செய்து கொடுத்தார்.

"கையால் செய்தது" என்ற சொல்லைப் பார்த்து மயங்காதீர்கள். வீடுகளில் பெண்கள் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு உருட்டித் தரும் வெறும் கரிப்பத்தியும் கையால் செய்ததுதான். அதை மூட்டையாக வாங்கி, எண்ணெயில் நனைத்து, அழகான பெட்டியில் அடைத்து, மசாலா விலைக்கு விற்கும் இடைத்தரகர் அட்டையில் எழுதியிருப்பது பொய்யும் அல்ல. இணையத்தில் விற்கும் பெட்டிகளில் இந்தத் தந்திரம் மிகுதி.

"தூய சந்தனம்" என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல சந்தனக் கட்டை கிலோ பத்தாயிரம் ரூபாய்க்குக் குறையாது என்றால், ஒரு கிராம் பத்து ரூபாய். நூறு கிராம் பாக்கெட்டில் பத்து கிராம் சந்தனம் சேர்த்தாலே அதற்கு மட்டும் நூறு ரூபாய் ஆகிவிடும். கூலி, குச்சி, பெட்டி, கடைக்காரர் லாபம் எல்லாம் அதற்கு மேல். எண்பது ரூபாய்ப் பாக்கெட்டில் இருப்பது சந்தனத்தின் பெயர்தான்.

இதையெல்லாம் வாங்குபவர் நகத்தால் சுரண்டித்தான் கண்டுபிடிக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். நானும் பல ஆண்டுகளாக அதைத்தான் கேட்கிறேன். மைசூரு ஊதுபத்திக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 2019 ஆகஸ்டில் ஊதுபத்தி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது, 2020 ஜூனில் மூங்கில் குச்சிக்கான சுங்க வரி 10 விழுக்காட்டிலிருந்து 25 ஆனது. பொட்டலத்தின் மேல் எடை, விலை, மாதம், முகவரி எல்லாம் அச்சிட வேண்டும் என்ற சட்டமும் இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பது பிசைந்து உருட்டியதா, நனைத்து எடுத்ததா என்று ஒரே ஒரு வரி அச்சிட வேண்டும் என்ற கட்டாயம் இருப்பதாகத் தெரியவில்லை. ஜி.எஸ்.டி.யிலும் இரண்டுக்கும் ஒரே தலைப்பு, ஒரே 5 விழுக்காடு. மட்டிப்பாலுக்கும் தேனுக்கும் காசு கொடுத்துச் செய்யும் சிறு தயாரிப்பாளர், கரியை நனைத்து விற்பவரோடு விலையில் போட்டியிட வேண்டியிருக்கிறது. எத்தனையோ நல்ல கலவைகள் இப்படித்தான் மறைந்துபோயின.

நீங்கள் வாங்கிய கடைக்காரர் பத்தியைத் திறந்து காட்டி, எடை போட்டுத் தாளில் சுற்றிக் கொடுத்திருந்தால், அவரிடமே தொடர்ந்து வாங்குங்கள். யார் உருட்டியது, எந்த மாதம் வந்தது என்று கேளுங்கள். சரக்கை அறிந்த சிறு வியாபாரி தயங்காமல் சொல்வார். புதிதாக எதை வாங்கினாலும் முதலில் ஐம்பது கிராம் போதும். அடுத்த முறை அதே பத்தி சற்று வேறு மணமாக இருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள், வேரும் பிசினும் பருவத்துக்குப் பருவம் மாறும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் எந்தப் பத்தியும் வேண்டாம்.

ஒட்டிக்கொண்ட பத்திகளைப் பிய்த்து எடுக்க வேண்டாம், மசாலா குச்சியை விட்டுக் கழன்றுவிடும். விரல்களுக்கிடையே மெதுவாக உருட்டிப் பிரித்து, பத்துப் பத்தாகத் தாளில் சுற்றி, மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். எப்போதாவது பூஞ்சை வாடை அடித்தாலோ, வெள்ளையாகப் பூத்திருந்தாலோ, அப்போது உங்கள் மைத்துனர் சொல்வதைக் கேளுங்கள்.